புகார் வராத செவ்வாய்க்கிழமை

போன வாரம் வானொலி நிலையத்தில் நீங்கள் நடத்திய கூட்டத்துக்கு, ஓய்வு பெற்ற என்னையும் அழைத்திருந்தீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மக்கள் டிஜிட்டல் வானொலிக்கு மாறுகிறார்களா, இல்லையா என்பதுதான் பேச்சு. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நன்றாகவே வாதாடினீர்கள். நான் நேயர் ஆய்வுப் பிரிவில் சேர்ந்த புதிதில், பண்பலைக்கு ஆள் சேருமா என்று இதே சூட்டோடு வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் ரசித்தேன்.

கூட்டம் முடியும் நேரத்தில் உங்களில் ஒருவர் எழுந்தார். "எதுக்கு இம்புட்டுப் பேச்சு? பழைய ஒலிபரப்பை ஒரு வாரம் நிறுத்திப் பாப்போம். புகார் வந்தா ஆள் இருக்கு. வரலைன்னா எல்லாரும் மாறிட்டாங்க" என்றார். பலர் தலையாட்டினீர்கள். என் கையிலிருந்த டீ வேட்டியில் சிந்தியது அப்போதுதான்.

ஏனென்றால் நாங்கள் அதைச் செய்து பார்த்திருக்கிறோம். இதே மதுரையில், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐப்பசியில். எனக்குத் தேதி போட்டுப் பேசும் பழக்கம் உண்டு என்பதும், அதை வைத்து நீங்கள் கேலி செய்வதும் எனக்குத் தெரியும். இங்கே தேதி வேண்டாம், கிழமை போதும். அது செவ்வாய்க்கிழமை.

அப்போது எங்கள் நிலையம் மத்திய அலையில் ஒரே நிகழ்ச்சியை இரண்டு வகையாகவும் அனுப்பிக்கொண்டிருந்தது. சாதாரண வானொலிப் பெட்டிக்குப் பழைய முறை. புதுவகைப் பெட்டிக்கும், அந்த வசதியோடு வரும் சில புதிய கார்களுக்கும் டிஜிட்டல் முறை. இரண்டையும் சேர்த்து ஓட்டுவது வீண் என்று மேலிடம் நினைத்தது. பழைய முறையை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா என்று கேட்டு, ஐப்பசி முடிவதற்குள் பரிந்துரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

நிலையத் தலைவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். கெட்டிக்காரர், நியாயமானவர். பரிந்துரையில் அவர்தான் கையெழுத்திட வேண்டும். டிஜிட்டல் ஒலிபரப்பைத் தூக்கி நிறுத்தியவர் பொறியாளர் பாத்திமா. கீழவாசலில் பிறந்து வளர்ந்தவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார், அடுத்த வாக்கியத்திலேயே சண்டைக்கு வருவார்.

நான் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்ததால், ஒருநாள் தன் தம்பியின் புதுக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு சுற்றுச்சாலைக்குப் போனார். டிஜிட்டலில் நாகசுரம் ஓடிக்கொண்டிருந்தது. லாரிகளும் உயர் அழுத்த மின்கம்பிகளும் நிறைந்த சாலை. ஒரு கரகரப்பு இல்லை.

"அண்ணே, வாசிக்கிறவர் மூச்சு வாங்குறது கேக்குதா?"

கேட்டது. உண்மையிலேயே கேட்டது. அத்தனை ஆண்டுகள் வானொலியில் இருந்தவன் நான், எங்கள் ஒலிபரப்பில் அப்படி ஒரு சுத்தத்தைக் கேட்டதே இல்லை.

"நல்லா இருக்கும்மா. தம்பி, நீங்க தினம் இதைத்தான் கேக்குறீங்களா?"

ஓட்டிக்கொண்டிருந்த தம்பி சிரித்தார். "அக்கா ஏறுனா கேப்பேன் சார். இப்படி ஒரு பொத்தான் இருக்குன்னே அக்கா சொல்லித்தான் தெரியும். நம்மளது பென் டிரைவ்தான்."

"நீ வாயை மூடிட்டு ஓட்டுடா" என்றார் பாத்திமா.

இது ஒரு பக்கம். மறுபக்கம், "டிஜிட்டலில் எங்களைக் கேட்பவர்கள் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், உங்கள் பெயரை வாசிப்போம்" என்று அறிவித்திருந்தோம். செய்திகள் வந்து குவிந்தன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, ஒரு பக்கம் பாக்கியில்லை. நிலையத் தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. திருமங்கலம் நேயர் மன்றச் செயலாளர் எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் மன்றத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுச் செய்திகள் வந்திருந்ததால், அவர் வீட்டுக்கே போய்விட்டேன். அலமாரியில் அதே பழைய கறுப்புப் பெட்டிதான் பாடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, டிஜிட்டல்ல கேக்குறதா எழுதியிருக்கீங்களே?"

"ஆமா. கேட்டா எழுதச் சொன்னீக, எழுதுனோம். பேரு வாசிச்சீக, கேட்டோம்."

"இது டிஜிட்டல் பெட்டி இல்லையே."

"அதுல என்ன வந்துச்சு? அதே நிகழ்ச்சிதான இதுலயும் வருது? நம்ம நிலையம் ஒண்ணு கேக்குது, இல்லைன்னா சொல்லுவோம்?"

அவர் பொய் சொல்லவில்லை. நிலையத்தின் மேல் உள்ள பிரியத்தைச் சொன்னார். பெயரை வாசிப்போம் என்று சொன்னால் நம் நேயர்கள் எதற்கும் ஆமாம் என்பார்கள். இதை நான் தலைவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, போன வாரம் உங்களில் ஒருவர் சொன்ன அதே யோசனையைத்தான் சொன்னார்: "அப்போ ஒரே வழிதான் சார். ஒரு வாரம் டிஜிட்டல் மட்டும் ஓட்டுவோம். முன்கூட்டியே அறிவிப்போம். யாராவது கஷ்டப்பட்டா போன் பண்ணுவாங்க இல்ல?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. திங்கட்கிழமையிலிருந்து முழு டிஜிட்டல் என்று ஒரு வாரம் அறிவித்தோம். திங்கட்கிழமை காலை பாத்திமா மாற்றினார்.

திங்கள் முழுக்கப் புகார் இல்லை. தொலைபேசிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆளை உட்காரவைத்திருந்தோம். அவர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டு முடித்தார். செவ்வாய் காலையும் இல்லை. தலைவர் பரிந்துரையின் நகலைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டார். பாத்திமா கேன்டீனில் எனக்கும் சேர்த்து வடை வாங்கினார்.

"ஒத்துக்கோங்கண்ணே. ஒருத்தர்கூட கூப்பிடலை."

"அதுதாம்மா உதைக்குது. கரண்டு ஒரு நிமிஷம் போனாக்கூட நாலு பேர் கூப்பிடுவாங்களே நமக்கு."

"நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காது" என்று என் வடையில் பாதியைப் பிய்த்துக்கொண்டார்.

அன்று வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. வீட்டு மிக்ஸியை சிம்மக்கல்லில் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். மழைக்கு முன் வாங்கிவிடலாம் என்று பதினொரு மணிக்கு மேல் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் முருகேசன். மிக்ஸி, டேபிள் ஃபேன், டார்ச், இஸ்திரிப்பெட்டி, எல்லாம் பார்ப்பார். வானொலியும் பார்ப்பார், எப்போதாவது ஒன்று வரும்.

அன்று அவர் கடை வாசலில் கூட்டம். மேசை முழுக்க வானொலிப் பெட்டிகள். சட்டைப்பையில் வைக்கும் சின்னப் பெட்டி முதல் தலையணை அளவுப் பெட்டி வரை. பாதி, மூடி கழற்றிக் கிடந்தது. சில பெட்டிகளை அணைக்காமல் விட்டிருந்தார். அவை எல்லாம் சேர்ந்து, எண்ணெய்ச் சட்டியில் வடை வேகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தன.

முருகேசன் என்னைப் பார்த்ததும் ஸ்குரூ டிரைவரைக் கீழே போட்டார். "வாங்கண்ணே. உங்க மிக்ஸியை நான் இன்னும் தொடவே இல்ல. நேத்துலருந்து இதே ரோதனை. எல்லாச் செட்டும் ஒரே நாள்ல எப்புடிண்ணே கெடும்? நானும் பிரிச்சுப் பாத்துட்டேன். ஒரு கோளாறும் இல்ல. போட்டா 'ஸ்ஸ்'ங்குது."

அந்த 'ஸ்ஸ்' எது என்று எனக்குத் தெரியும். பாத்திமாவின் டிஜிட்டல் ஒலிபரப்பு. புதுப் பெட்டியில் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். பழைய பெட்டியில் வெறும் இரைச்சல்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நாங்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கேட்பவரோ, நிலையத்தில் கோளாறு என்று நினைக்கவே இல்லை. ஆயுசு முழுக்க அவர் பெட்டிதான் கெட்டிருக்கிறது, நிலையம் கெட்டதில்லை. அதனால் முதலில் தட்டிப் பார்க்கிறார். பிறகு பேட்டரி மாற்றுகிறார். பிறகு பஸ் ஏறி முருகேசனிடம் வருகிறார். டிஜிட்டலுக்கு மாறுகிறோம் என்று நாங்கள் ஒரு வாரம் அறிவித்ததை, இனிமேல் இன்னும் நன்றாகக் கேட்கும் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் ஒரு பெண் மேசையை முழங்கையால் இடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலையை இழுத்துச் செருகி, தலையில் துண்டு.

"ஏய்யா, எம்புட்டு நேரந்தான் நிக்கிறது? உனக்கு வேல தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, வேற கடைக்குப் போறேன்."

"தாயீ, வேற கடைக்காரனும் என் கடைக்குத்தான் செட்டை அனுப்பிக்கிட்டு இருக்கான்."

"அப்ப என்னதான் சீக்கு அதுக்கு?"

நான் குறுக்கே புகுந்தேன். "அம்மா, எந்த ஊரு? அவசரமா?"

அவர் பெயர் பேச்சியம்மாள். ஆட்டுக்காரக் குடும்பம். ஊர் ஊராகக் கிடை போட்டுப் போகிறவர்கள். அறுத்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைத்து உரம் ஏற்றுவதுதான் பிழைப்பு. இப்போது சோழவந்தானுக்கு அந்தப் பக்கம், கண்மாயை ஒட்டிய தாழ்ந்த வயலில் கிடை. கணவர் ஆடுகளோடு இருக்கிறார். கையில் இருந்த ஒரே போனும் சார்ஜ் இல்லாமல் அவரிடம்.

"பாதி ஆடு ஈனியிருக்கு சாமி. ராத்திரி மழை ஊத்துனா அந்த வயல்ல தண்ணி நிக்கும். பெருசு தாங்கிரும், குட்டி விறைச்சுப்போகும். மழை உண்டா இல்லையான்னு ரேடியோல கேட்டாத்தான் கிடையைப் பிரிச்சு மேட்டுக்குப் போகலாமா வேணாமான்னு தெரியும். இந்தச் சனியன் நேத்துலருந்து இரையுது."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். கனமழை எச்சரிக்கை இருந்தது. "அம்மா, மழை உண்டு. ராத்திரி பலமா இருக்கும்னு போட்டிருக்கு. நீங்க கிளம்புங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சொல்றீக. நான் நம்புறேன். வயலுக்காரச் சம்சாரி நம்புவாரா? இன்னும் ரெண்டு ராத்திரி கிடை போடுறேன்னு வாக்குக் குடுத்திருக்கோம். ரேடியோல சொல்லிட்டாகன்னா அவரு மறுபேச்சு பேச மாட்டாரு. சிம்மக்கல்லுல மிக்ஸி வாங்க வந்தவரு சொன்னாருன்னா விடுவாரா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க அண்ணந்தம்பிக கிடை வேற அங்கங்க கிடக்கு. இந்நேரம் அம்புட்டுப் பேரும் பேட்டரிச் செல்லு மாத்திப் போட்டுத் தட்டிக்கிட்டு இருப்பாங்க. அவுகளுக்கு யாரு போய்ச் சொல்லுவா?"

மதியச் செய்தியோடு வானிலை அறிக்கை வரும். அதற்கு அரை மணிக்கும் குறைவாகவே இருந்தது. கடையிலிருந்து ரெண்டு எட்டு தள்ளி நின்று பாத்திமாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை.

"ஒரு கடையில நாலு செட்டு இருந்தா ஊரே அதுதானாண்ணே?"

என்ன சொல்லியும் பயனில்லை என்று தோன்றியது. போனைக் கொண்டுபோய் மேசை மேல் நீட்டினேன். அத்தனை பெட்டிகளும் இரைந்தன.

"அண்ணே, அது என் சிக்னல்." குரல் மாறிவிட்டது. "அல்லா... நேத்துலருந்து இதையா கேட்டுக்கிட்டு இருக்காங்க?"

"ஆமாம்மா."

"நான் சாரைப் பாக்குறேன். வைக்காதீங்க."

அவர் ஓடும் சத்தம், கதவு திறக்கும் சத்தம். தலைவரின் குரல் தூரத்தில் கேட்டது. சோதனை நடுவில் நின்றால் மொத்தமும் பாழ், சனிக்கிழமை வரை இன்னும் நான்கு நாள்தானே, புகார் ஒன்றுகூட வரவில்லையே என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. பிறகு போன் அவர் கைக்குப் போனது.

"சொல்லுங்க சார். மாறலைன்னு நிரூபிக்கணும், அதானே?"

அந்த இடத்தில் எனக்கு ஆசை வந்தது. அதுவரை சொன்ன சந்தேகங்களையெல்லாம் அடுக்கி, பார்த்தீர்களா என்று கேட்க. திருமங்கலம் அண்ணாச்சி, பென் டிரைவ் தம்பி, எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். அதற்கு நான் பதில் சொல்லியிருப்பேன். வானிலை அறிக்கை இரைச்சலாகவே போய் முடிந்திருக்கும்.

"இல்ல சார். யார் சொன்னது சரின்னு சனிக்கிழமை பேசிக்கலாம். இன்னிக்கு மதியம் வானிலை அறிக்கை மட்டும் பழைய முறையில போகட்டும். சாயங்காலமும் ஒரு தடவை. நாளைக்குக் காலையில சோதனையைத் தொடருவோம்."

"எச்சரிக்கை உறுதிதானா?"

"உறுதி சார். நம்ம செய்திப் பிரிவு மேசையிலயே இருக்கும். கேட்டுப் பாருங்க."

அவர் யாரையோ கேட்டார். பிறகு போனிலிருந்து அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னது காதில் விழுந்தது: "பாத்திமா, மாத்துங்க. எவ்ளோ நேரம் ஆகும்?"

"செய்திக்குள்ள மாத்திருவேன் சார்."

நான் கடைக்குத் திரும்பினேன். முருகேசனிடம், "எல்லாச் செட்டையும் போடுங்க. நம்ம நிலையத்துல வைங்க" என்றேன்.

"எதுக்குண்ணே? இந்த எழவுச் சத்தம் பத்தாதா?"

"போடுங்க சொல்றேன்."

மூடி இல்லாதவற்றையும் சேர்த்துப் போட்டார். இரைச்சல் தெரு வரை போனது. பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் வந்து, "என்ன மாப்ள, கடைக்குள்ள மழை பேயுதா?" என்று கேட்டார். செய்தி நேரம் வந்தது. இரைச்சல்தான். ஒரு நிமிடம் கடந்தது. பேச்சியம்மாள் தன் சிவப்புப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பாத்திமா முடியாமல் போனால் இந்த அம்மாளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரைச்சல் சட்டென்று நின்றது. மேசை முழுக்க ஒரு நொடி அமைதி. பிறகு அத்தனை பெட்டிகளும் ஒரே குரலில் பேசின. செய்தி வாசிப்பவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அடுத்ததே வானிலை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்று இரவு கனமழை. தாழ்வான பகுதிகளிலும் நீர்நிலைகளின் ஓரத்திலும் இருப்பவர்கள் மேடான இடங்களுக்குச் செல்லவும். இரண்டு முறை வாசித்தார். முதல் முறையிலேயே பேச்சியம்மாள் பெட்டியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"எம்புட்டுய்யா?"

"நான் ஒண்ணும் பண்ணல தாயீ" என்றார் முருகேசன். கை இரண்டையும் தூக்கிக் காட்டினார்.

"இதச் செய்யத்தான் இம்புட்டு நேரம் நிக்க வச்சியா? நல்ல ஆளுய்யா நீ. வாரேன் சாமி." என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். அதோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் முருகேசனைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக ஆளுக்கொரு பெட்டியோடு கிளம்பினார்கள்.

ராத்திரி மழை கொட்டியது. தல்லாகுளத்தில் என் வீட்டு வாசலில் கணுக்கால் தண்ணீர். நான் தூங்கவில்லை. சோழவந்தான் பக்கத்து வயல் ஒன்றை, நான் பார்த்தே இராத அந்த வயலை, திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். தலைவர் காலையில் சோதனையைத் தொடரச் சொல்லவில்லை. தட்டச்சுக்குக் கொடுத்த நகலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பாத்திமாவும் நானும் இரண்டு நாள் சிம்மக்கல், மேலூர், உசிலம்பட்டிக் கடைத்தெருக்களில் பழுதுபார்க்கும் கடைகளையும் பேட்டரி விற்கும் பெட்டிக்கடைகளையும் விசாரித்தோம். எல்லா இடத்திலும் அதே கதை. மாட்டுத்தாவணியில் வாடகைக் கார் ஓட்டுநர்களிடம் பாத்திமா தனியாகப் போனார். சிலருடைய வண்டியில் டிஜிட்டல் வசதி இருந்தது. பொத்தானை அவர் அழுத்திக் காட்டியதும், "அட, இது பேசுமா?" என்று கேட்டார்களாம். திரும்பி வந்து, "அண்ணே, மாறலைங்கிறதும் தப்பு, மாறிட்டாங்கங்கிறதும் தப்பு. டிஜிட்டல் வீட்டு வாசலுக்கு வந்திருச்சு, யாரும் கதவைத் திறந்து காட்டலை" என்றார்.

பரிந்துரையை அவரே எழுதினார். இரண்டு முறையும் சேர்ந்து ஓடட்டும், கார்களில் இருக்கும் வசதியை ஒலிபரப்பிலேயே சொல்லிக்கொடுப்போம், பழையதை நிறுத்தும் யோசனையை இப்போதைக்கு விடுவோம். தலைவர் ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்திட்டார். மேலிடமும் ஏற்றுக்கொண்டது. எனவே நண்பர்களே, மாறிவிட்டார்களா என்று நேயர்களைக் கேட்காதீர்கள், பிரியத்தில் ஆமாம் என்பார்கள். புகார் வருகிறதா என்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். முதலில் பழுதுபார்க்கும் கடைக்குப் போய் வாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை முருகேசன் போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்த ஆட்டுக்காரம்மா வந்துச்சு. அன்னிக்கே கிடையைப் பிரிச்சு மேட்டுக்கு ஏத்திட்டாகளாம். குட்டி ஒண்ணுக்கும் சேதாரம் இல்ல. அண்ணந்தம்பிகளும் செய்தியக் கேட்டுட்டு நகந்துட்டாகளாம்."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சரியாக மூச்சு விட்டேன் என்று நினைக்கிறேன். பாத்திமா எதிரில் நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லதுங்க முருகேசன். ரொம்ப நல்லது."

"என்ன நல்லது? என்னையக் கைராசிக்காரன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு. இப்பக் கடை வாசல்ல ஆறு ஆட்டுக்காரங்க, உண்மையிலேயே கெட்டுப்போன செட்டோட உக்காந்திருக்காங்க. உங்க மிக்ஸி அடுத்த வாரம்தான்." சற்று நிறுத்தினார். "அண்ணே, இனிமே நிறுத்துறதா இருந்தா முந்தின நாளே எனக்கு ஒரு வார்த்தை சொல்லிருங்க. கடையைப் பூட்டிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிர்றேன்."

"இப்போதைக்கு நிறுத்தலை" என்றேன். அதைச் சொல்வதற்கு அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.